எய்டு: ஒரு பதவிப்பெயர் படியிறங்கிய கதை

1918ஆம் ஆண்டுக் கோடை. அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் ரீட் கல்லூரி என்று ஒன்று. வகுப்புகள் தொடங்கி 7 வருடமே ஆன சின்னக் கல்லூரி. அந்த வருடக் கோடையில் அங்கே இருநூறு பேர் அளவில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பலர் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியைகளாக இருந்தவர்கள். எலும்புகளின் பெயர்கள், தசைகள் எங்கே தொடங்கி எங்கே போய் ஒட்டுகின்றன, மசாஜ், உடற்பயிற்சி சிகிச்சை எல்லாவற்றையும் சில மாதங்களுக்குள் கற்றுக்கொண்டு ராணுவ மருத்துவமனைகளுக்குப் போக வேண்டும். ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா அதில் நுழைந்து ஒரு வருடம் கடந்திருந்தது.

அவர்களுக்குப் பாடம் எடுத்தவர் மேரி மெக்மில்லன். வயது 37. மாசசூசெட்ஸில் பிறந்து, சிறுவயதிலேயே தாயை இழந்து, இங்கிலாந்தின் லிவர்பூலில் உறவினர்களிடம் வளர்ந்தவர். அங்கே புகழ்பெற்ற எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸிடம் வேலை பார்த்திருந்தார். அந்த வருடம் பிப்ரவரியில்தான் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். (இரண்டு ரீடுகளுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒருவர் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த ராணுவ மருத்துவர். இன்னொருவர் ஓரிகன் வணிகர். முதன்முதலில் படித்தபோது நான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு அரைமணி நேரம் தேடினேன்.) படிப்பை முடித்துப் போன பெண்களுக்கு ராணுவம் கொடுத்த பதவிப்பெயர் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்டு'. சிதைந்த உடலைத் திரும்பக் கட்டியெழுப்ப உதவுகிறவர் என்று பொருள் சொல்லலாம்.

அந்த 'எய்டு' என்ற கடைசிச் சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

போன வருடம் டெக்சாஸில் இருக்கும் அக்கா மகள் வாட்ஸப்பில் கூப்பிட்டாள். கல்லூரியில் கைனீசியாலஜி, அதாவது உடல் அசைவு பற்றிய இளங்கலைப் படிப்பு, கடைசி செமஸ்டர். பிசியோதெரபி படிக்கப் போகிறாள் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே முடிவான விஷயம். இப்போது புதிதாக ஒன்று சொன்னாள். "மாமா, நான் உடனே அப்ளை பண்ணப் போறதில்ல. ஒரு வருஷம் கேப் இயர் எடுக்கறேன். ஒரு கிளினிக்ல எய்டா வேலை கெடச்சிருக்கு. அப்பாகிட்ட நீங்க பேசுங்க."

அத்தானிடம் பேசுவது என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு தனி வேலை. அதை என்னிடம்தான் தள்ளுவார்கள். பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் படித்துவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்ததில்தான் மேரி மெக்மில்லன் கிடைத்தார். நூறு வருடங்களுக்கு முன்னால் சில மாதங்களில் முடிந்த ஒரு பயிற்சி, இன்று அதே நாட்டில் ஏழு வருடப் படிப்பாகி, அதற்கு நடுவே ஒரு வருடம் காத்திருப்பதும் வழக்கமாகியிருக்கிறது. இது எப்படி நடந்தது? எங்கள் தொழிலில் ஒரு மென்பொருள் மெதுவாகிப் போனால் எந்த வருடம், எந்த மாற்றத்துக்குப் பிறகு மெதுவானது என்று பழைய பதிப்புகளைப் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். அதே கையோடு இதையும் பார்த்தேன்.

*

முதல் மாற்றம் அமெரிக்காவில் இல்லை. லண்டனில்.

1894இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 'மசாஜ்' என்ற பெயரில் நகரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அம்பலப்படுத்தி எழுதியது. விளம்பரப் பலகையில் மசாஜ் நிலையம், உள்ளே விபச்சாரம். அந்தக் காலத்தில் நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்னபடி உடலைப் பிடித்துவிடும் வேலையைப் பல செவிலியர்களும் மருத்துவச்சிகளும் நேர்மையாகச் செய்துகொண்டிருந்தார்கள். கட்டுரை வந்ததும் எல்லோர் மேலும் சேறு. அதே வருடம் லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர் என்ற நான்கு பெண்கள் சேர்ந்து 'பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கம்' ஒன்றைத் தொடங்கினார்கள். தேர்வு வைத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்யக்கூடாது, பொதுவாக ஆண்களுக்குச் செய்யக்கூடாது, விளம்பரம் செய்யக்கூடாது என்று விதிகள் போட்டார்கள். 1920இல் அரச சாசனம் கிடைத்தது. இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கத்தின் மூத்த தாய் இதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு தொழிலுக்கு நுழைவுத் தேர்வு ஏன் வருகிறது என்று கேட்டால் தரத்துக்காக என்று பதில் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் இங்கே முதல் காரணம் மானம். 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று ஊருக்குக் காட்ட ஒரு கதவு தேவைப்பட்டது. கதவு வைத்தபிறகுதான் உள்ளே, வெளியே என்ற இரண்டு பக்கங்கள் உண்டாயின. தொடுவதே தொழிலாக இருக்கும் பெண்களுக்கு அந்தக் காலத்தில் வேறு வழி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கதவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பின்னால் வந்த கதவுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் போர் முடிந்தது. எய்டுகளில் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். 1921 ஜனவரியில் நியூயார்க்கில் கீன்ஸ் சாப்ஹவுஸ் என்ற ஓட்டலில் சுமார் முப்பது பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். மெக்மில்லன்தான் முதல் தலைவர். முதல் வருட முடிவில் 274 உறுப்பினர்கள். பெயரில் 'பெண்கள்' என்ற சொல் இருந்தது. அடுத்த வருடமே அதை எடுத்துவிட்டு அமெரிக்க பிசியோதெரபி சங்கம் ஆனார்கள்.

போர் முடிந்த பிறகும் இவர்களுக்கு வேலை இருந்ததற்குக் காரணம் போலியோ. 1916இல் அமெரிக்காவில் சுமார் 27,000 பேரை அது தாக்கி, 6,000 பேரைக் கொன்றது. பிழைத்தவர்களில் ஏராளமானவர்கள் குழந்தைகள். கால் வராது, கை வராது. பாஸ்டனில் ராபர்ட் லவட் என்ற எலும்பு மருத்துவரும் அவருடைய உதவியாளர் வில்ஹெல்மின் ரைட்டும் இந்தக் குழந்தைகளின் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகச் சோதித்து எண்களால் குறிக்கும் முறையை உருவாக்கினார்கள். கையைத் தூக்கச் சொல்வது, தூக்க முடிந்தால் எதிர்விசை கொடுத்து அழுத்துவது, முடியாவிட்டால் புவியீர்ப்பு குறுக்கே வராதபடி படுக்க வைத்து அசைக்கச் சொல்வது. இன்றும் உலகம் முழுக்க பிசியோக்கள் செய்யும் தசைச் சோதனையின் வேர் இது. எனக்கு இதில் பிடித்தது, அது மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய அளவு என்பது. இந்த மாதம் இரண்டு. மூன்று மாதம் கழித்து மூன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழந்தை அதே கட்டிலில் அதேபோலத்தான் கிடக்கும். தாளில் மட்டும் ஒரு எண் ஏறியிருக்கும்.

*

இனி ஏணி.

1928இல் சங்கம் ஒரு குறைந்தபட்சப் பாடத்திட்டம் வகுத்தது: 9 மாதம், 1,200 மணி நேரம். சேர வேண்டுமென்றால் ஏற்கனவே உடற்கல்விப் பள்ளியிலோ செவிலியர் பள்ளியிலோ படித்து முடித்திருக்க வேண்டும். இதைச் சட்டென்று தாண்டிப் போகக் கூடாது. இந்தப் படிப்பு ஆரம்பத்திலிருந்தே ஏதோ ஒன்றை முடித்துவிட்டு வருகிறவர்களுக்கான படிப்பு. பதினெட்டு வயதில் நேராக நுழைகிற வழக்கம் அங்கே வேரிலேயே இல்லை. நம்மூரில் பிளஸ் டூ முடித்த கையோடு பிபிடி சேர்ந்து, நாலரை வருடத்தில் வெளியே வருகிற பிசியோக்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிய செய்தி.

1930களில் பாடத்திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் பொறுப்பு அமெரிக்க மருத்துவச் சங்கத்திடம் போனது. மருத்துவர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் 'டெக்னீசியன்'. போர்முனையில் இவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட வேலையை நினைத்துப் பார்த்தால் அந்தச் சொல் உறுத்தியிருக்கும். 1952இல் போலியோ உச்சம். அந்த ஒரு வருடத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 நோயாளிகள். 1955இல் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வந்தது. தொழிலைத் தாங்கி நின்ற நோய் ஒழியத் தொடங்கியது. 1960இல் சங்கம் இளங்கலைப் பட்டம்தான் குறைந்தபட்சத் தகுதி என்றது. 1979இல், 1990 முடிவுக்குள் இளங்கலைக்கு மேற்பட்ட படிப்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தக் கெடு தள்ளிப் போனது, ஆனால் திசை மாறவில்லை. 1993இல் நெப்ராஸ்காவின் கிரைட்டன் பல்கலைக்கழகம் முதன்முதலாக, தொழிலுக்குள் நுழையும் தகுதியாகவே டாக்டர் பட்டத்தைத் தரும் படிப்பைத் தொடங்கியது. டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி, சுருக்கமாக டிபிடி. 2000இல் சங்கம் அதையே 2020க்கான தன் கனவாக அறிவித்தது. 2015 முடிவோடு மற்ற வழிகள் அடைந்தன. இன்று அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற படிப்பு எல்லாமே டிபிடிதான்.

ஆக நான்கு வருட இளங்கலை, பிறகு மூன்று வருட டிபிடி. பிரிட்டனில் மூன்று வருடப் பட்டம் முடித்தவர் பிசியோ. இந்தியாவில் வெகுகாலமாக நாலரை. அமெரிக்காவில் ஏழு. முழங்கால் எல்லா நாட்டிலும் ஒன்றேதான்.

நியாயமாக, இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். டாக்டர் பட்டத்தோடு கூடவே சுதந்திரமும் வந்தது. மருத்துவரின் சீட்டு இல்லாமலே நோயாளி நேராக பிசியோவிடம் போகலாம் என்ற உரிமை, ஏதோ ஒரு வடிவில் 2015க்குள் 50 மாநிலங்களிலும் வந்துவிட்டது. 1930களின் 'டெக்னீசியன்' என்ற சொல்லுக்கு எண்பது வருடம் கழித்துக் கொடுத்த பதில் அது. மருத்துவர் சொல்வதை மட்டும் செய்பவருக்கும், இது தசைப்பிடிப்பா அல்லது முதுகெலும்பில் வேறெதுவுமா என்று தானே முடிவெடுக்க வேண்டியவருக்கும் ஒரே அளவு படிப்பு போதாது. இந்த வாதத்தில் சத்து இருக்கிறது. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கான விலையைக் கொடுப்பது 22 வயதுப் பிள்ளைகள். லட்சம் டாலர் கடனோடு வெளியே வருவது அங்கே அபூர்வம் இல்லை. பட்டம் ஏறிய வேகத்தில் சம்பளம் ஏறவில்லை என்ற புகார் அந்தத் தொழிலுக்குள்ளேயே உரக்கக் கேட்கிறது. அதிகம் படித்தவர்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டவர்கள் யாரும் அந்த வகுப்பில் திரும்பப் போய் உட்கார வேண்டியிருக்கவில்லை. இது என் எரிச்சல், வரலாறு அல்ல.

ஏணி நீளும்போது கீழேயும் படிகள் முளைக்கும். 1960களின் இறுதியில் 'பிசிகல் தெரபிஸ்ட் அசிஸ்டன்ட்' என்ற புதிய வகை உருவானது. இரண்டு வருடப் படிப்பு. முதல் குழு 1969இல் படித்து வெளியே வந்தது. தெரபிஸ்ட் திட்டமிடுவார், அசிஸ்டன்ட் செய்வார். அதற்கும் கீழே உரிமமோ பட்டமோ தேவைப்படாத ஒரு ஆள். கட்டிலைத் துடைப்பார், துண்டு மடிப்பார், சூடான ஒத்தடப் பொதியை எடுத்துவந்து கொடுப்பார், நோயாளியைச் சக்கர நாற்காலியில் தள்ளிவருவார். அவருக்குப் பெயர் 'எய்டு'.

தொழிலைத் தோற்றுவித்தவர்களின் பதவிப்பெயர், நூறு வருடத்தில் அந்தத் தொழிலின் கடைசிப் படிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கேதான் என் அக்கா மகள் ஒரு வருடம் நிற்கப் போகிறேன் என்றாள்.

*

கேப் இயர் என்றால் என்ன என்று அத்தானுக்கு விளக்க வேண்டியிருந்தது, அதனால் அதன் வரலாற்றையும் கொஞ்சம் பார்த்தேன். அது பிரிட்டிஷ் சரக்கு. அங்கே ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்தது; 1960இல் கடைசி ஆட்களை எடுத்தார்கள். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே இரண்டு வருடம் சீருடையில் போவது ஒரு தலைமுறைக்கே பழக்கமாக இருந்தது. அது முடியப் போகிற நேரத்தில், 1958இல், அலெக் டிக்சன் என்பவர் பள்ளி முடித்த பிள்ளைகளை வெளிநாடுகளுக்குத் தொண்டூழியத்துக்கு அனுப்பும் அமைப்பைத் தொடங்கினார். இன்னொரு காரணம் இன்னும் சாதாரணமானது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நுழைவுத் தேர்வுக்கு நிறையப் பிள்ளைகள் பள்ளியில் கூடுதலாக ஒரு பருவம் தங்கிப் படிப்பார்கள். டிசம்பரில் எல்லாம் முடிந்துவிடும். கல்லூரி திறப்பது அடுத்த அக்டோபரில். நடுவே ஒன்பது மாதம். இரண்டு காலண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டாததால் விழுந்த சந்து அது. 'தன்னைக் கண்டடைதல்' எல்லாம் பின்னால் வந்து அதில் குடியேறியது.

பிசியோதெரபிக்குப் போகிற அமெரிக்கப் பிள்ளைகளின் கேப் இயரும் ஏறக்குறைய இப்படி ஒரு சந்துதான். விண்ணப்பம் போடும் பருவம் கல்லூரியின் கடைசி வருடம் தொடங்கும்போதே திறந்துவிடும். அதற்குள் வேதியியல், இயற்பியல், உடற்கூறியல், புள்ளியியல் எல்லாம் முடித்திருக்க வேண்டும், மதிப்பெண் நன்றாக இருக்க வேண்டும், கிளினிக்குகளில் போய் உட்கார்ந்து பார்த்த மணி நேரங்களைக் கணக்குக் காட்ட வேண்டும், பரிந்துரைக் கடிதம் வேண்டும். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு படித்த பிள்ளைக்கு இதில் ஏதாவது ஒன்று பாக்கி நிற்கும். அக்கா மகளுக்கு நின்றது இரண்டாவது இயற்பியல் தாளும் கண்காணிப்பு மணி நேரமும். சம்பளமில்லாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற மணி நேரம் அது. வீட்டில் வசதி இருந்தால் கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். அவள் இரண்டு கோடைகளிலும் ஒரு மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தானிடம் பேசினேன்.

"கேப்பா? நம்ம ஆளுங்க யாராச்சும் கேப் எடுப்பாங்களா?" என்றார் எடுத்த எடுப்பில்.

அவர் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஹெச்1பி விசாவில் போனவர். அந்த விசாவில் வேலை போனால் இன்று 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அந்த 60 நாளே 2017 ஜனவரியில்தான் விதியாக வந்தது. அதற்கு முன்னால் ஒரு நாள்கூட உரிமையாகக் கிடையாது. 2009இல் அவருக்கு வேலை போனது. அக்கா அப்போது ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டுச் சாமானை அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டாள். கடைசி நேரத்தில் நண்பர் ஒருவர் மூலமாக வேறொரு இடம் கிடைத்தது. அத்தான் தலைமுறையின் அகராதியில் கேப் என்றால் ஐரோப்பா சுற்றுவது இல்லை. ரெஸ்யூமேயில் இரண்டு தேதிகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடம். விசா அதிகாரி விரல் வைத்துக் கேட்கிற இடம். அங்கேயே பிறந்த மகளுக்கு அந்தப் பயம் தேவையில்லை என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் அட்டைப்பெட்டி கட்டிய கைக்குத் தெரியாது.

எனக்கும் அதே 2009இல் ஒரு கேப் விழுந்தது, கேட்காமலே. இன்ஜினியரிங் முடித்து கேம்பஸில் வேலை கிடைத்து, கையில் ஆஃபர் லெட்டர் இருந்தது. ஜாயினிங் தேதி மட்டும் வரவில்லை. உலகப் பொருளாதாரம் கவிழ்ந்ததில் எங்கள் பேட்ச் முழுக்கப் பலருக்கும் அதே நிலைமை. பதினோரு மாதம். "என்ன தம்பி, இன்னும் சும்மாதான் இருக்கீங்களா?" என்று தெருவில் கேட்காதவர் இல்லை. இந்தச் 'சும்மா' என்ற சொல் ஆன்மிகத்தில் உச்சம், தெருவில் வசை. நான் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே மின்விசிறி இருந்தது. இந்தக் கட்டுரை எழுதுகிற பழக்கமெல்லாம் அந்த மின்விசிறிக்கு அடியில் ஆரம்பித்ததுதான். ஆனாலும் அந்தப் பதினோரு மாதத்தை நல்ல காலம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். கேட்டு எடுத்துக்கொண்ட வருடமும் நம் மேல் வந்து விழுந்த வருடமும் ஒன்றல்ல.

அத்தானிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவருக்கு ஒரு கொல்லிமலைக்காரரின் கதையைச் சொன்னேன்.

*

பால் பிராண்ட் 1914இல் நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே இருக்கும்போதே, 1929இல், அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். பள்ளி முடித்ததும் பிராண்ட் கல்லூரிக்குப் போகவில்லை. கட்டட வேலை கற்றுக்கொள்ளப் போனார். தச்சு, கொத்து என்று சில வருடங்கள் முழுக்க அதுதான். மலையில் அப்பா வீடும் பள்ளியும் கட்டியதுபோலத் தானும் போய்க் கட்டலாம் என்பது எண்ணம். பிறகு மிஷனரிகளுக்கான ஒரு வருட மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். அதில்தான் மருத்துவம் பிடித்துப்போய், லண்டனில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சொந்தக்காரர்கள் வருடத்தை எண்ணிப் பார்த்திருந்தால் எல்லாம் வீண் என்றிருப்பார்கள்.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவமனை நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் காக்ரேன் அவரை அங்கே அழைத்துப் போய்க் காட்டினார். மடங்கிப் போய் நகம்போல இறுகிய விரல்கள். அதுவரை அந்தக் கைகளை உலகத்தில் எந்த எலும்பு மருத்துவரும் ஒரு பிரச்சினையாக எடுத்து முறையாக ஆராய்ந்ததில்லை. தோல் அழுகிப் போகிறது, அறுவை செய்தால் ஆறாது என்றே பொதுவான நம்பிக்கை. பிராண்ட் கையைப் பிடித்துப் பார்த்தார். செயலிழந்தது சில நரம்புகள்தான். முன்கையில் பல தசைகள் நல்ல பலத்தோடு இருந்தன. வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைக்கலாம். எந்தக் கயிறு எந்தக் கோணத்தில் இழுத்தால் எந்த மூட்டு எவ்வளவு மடங்கும் என்பது தச்சனின் கேள்வி. தச்சு கற்ற வருடங்களைப் பற்றி அவரே பின்னாளில் அப்படித்தான் பேசினார்.

நாணை மாற்றித் தைத்தால் மட்டும் போதாது. இதுதான் என் கதைக்கு வேண்டிய இடம். மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை, இப்போது கட்டைவிரலோடு கட்டப்பட்டிருக்கிறது. மூளைக்கு அது தெரியாது. மோதிர விரலை மடக்கு என்று நினைத்தால் கட்டைவிரல் அசையும். அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அறுவைக்கு முன்னாலேயே எந்தத் தசை எது என்று நோயாளி தனித்தனியாக உணரப் பழக வேண்டும். பிறகு கட்டுப் பிரித்ததும் வாரக்கணக்கில் பயிற்சி. இதைச் செய்தவர்கள் பிசியோதெரபிஸ்டுகள். வேலூரிலும் பின்னர் பக்கத்திலேயே கரிகிரியிலும் இதற்கென்று ஆட்களைப் பயிற்றுவித்தார்கள். அப்படிப் பயின்றவர்களில் சிலர் முன்பு அதே சிகிச்சைக்கு வந்து படுத்திருந்தவர்கள். தன் கைக்கு நடந்ததை அடுத்தவன் கைக்குச் சொல்லித்தருவதற்கு அதைவிடத் தகுதி என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எந்த நுழைவுப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இருக்காது.

அத்தான் முழுக்கக் கேட்டார். "அவரு வெள்ளைக்காரரு" என்றார். அதுவும் சரிதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "அந்த எய்டு வேலைக்கு சம்பளம் உண்டா?" உண்டு, மணிக்கு இவ்வளவு என்று சொன்னேன். "அப்ப அது வேலை. கேப்னு ஏன் சொல்றா?" என்றார். ஒரு சொல் மாறியதும் பிரச்சினை பாதி கரைந்துவிட்டது. ஒரு வருடம்தான், இயற்பியல் தாளை ஜனவரிக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் போட்டார். அவள் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டாள்.

ஜூனில் வேலையில் சேர்ந்தாள். முதல் மாதம் முழுக்கத் துண்டு மடித்ததாகச் சொன்னாள். இரண்டாவது மாதத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை செய்துகொண்ட ஒரு கல்லூரிப் பையன் வந்திருக்கிறான், கால்பந்து ஆடுகிறவன். திரும்ப மைதானத்துக்குப் போக ஒன்பது மாதமாவது ஆகும் என்று தெரபிஸ்ட் சொன்னதும் அழுதுவிட்டானாம். அவள் ஒத்தடப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறாள். "நான் சொல்றதுக்கு எனக்கு லைசென்ஸ் இல்ல மாமா" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து அவனுக்கு முன்னால் எண்களை எழுதுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று தெரபிஸ்ட் அளந்து சொல்லச் சொல்ல இவள் எழுதுவாள். 62. 71. 70. 84. நடுவே ஒரு வாரம் இறங்கியதற்குத்தான் அவன் அதிகம் பயந்தானாம்.

அவள் சட்டையில் குத்தியிருக்கும் பெயரட்டையின் படத்தை அனுப்பியிருந்தாள். பெயருக்குக் கீழே எய்டு என்று இருந்தது. மேரி மெக்மில்லனைப் பற்றி எழுதி அனுப்பினேன். சங்கத்தைத் தொடங்கியதும், 1921இல் மசாஜும் உடற்பயிற்சி சிகிச்சையும் பற்றிப் புத்தகம் எழுதியதும், 1930களில் பெய்ஜிங்கில் போய்ப் பாடம் எடுத்ததும், இரண்டாம் உலகப் போரில் மணிலாவில் ஜப்பானியர்களிடம் சிக்கி சாண்டோ டோமாஸ் முகாமில் அடைபட்டுக் கிடந்தபோது அங்கேயும் சக கைதிகளுக்குச் சிகிச்சை கொடுத்ததும். எல்லாம் படித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த எய்டுகளுக்கெல்லாம் ஆர்மி பென்ஷன் குடுத்துச்சா?"

தேடிப் பார்த்தேன். முதல் உலகப் போரில் அவர்கள் ராணுவ மருத்துவமனைகளில் வேலை செய்தாலும் ராணுவத்தினர் இல்லை. பதவித் தரம் கிடையாது, சிவிலியன் ஊழியர்கள். அதனால் போர் முடிந்ததும் முன்னாள் படைவீரர்களுக்கான சலுகைகள் எதுவும் அவர்களுக்கு வரவில்லை. முதல் உலகப் போரின் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்டுகள் செய்தது ராணுவ சேவைதான் என்று அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட தேதி 1981 ஜூலை 6. மெக்மில்லன் இறந்து 22 வருடம் ஆகியிருந்தது. 1918 கோடையில் ரீட் கல்லூரி வகுப்பில் 25 வயதில் உட்கார்ந்திருந்த ஒருத்தி அன்று உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கு 88 வயது.